ஐந்து பெண்கள், இரண்டு ஆண்கள், எண்பது கதிரை: எந்த நாடகப் புத்தகம்?

கேள்வி இதுதான். களுவாஞ்சிக்குடியில் ஒரு சின்ன நாடகக் குழு. ஐந்து பெண்கள், இரண்டு ஆண்கள். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், கிழமைக்கு இரண்டு பின்னேரம்தான் ஒத்திகை. எண்பது கதிரை போடக்கூடிய சனசமூக நிலைய மண்டபம் ஒன்று கையில் இருக்கிறது. புத்தகம் வாங்க 15,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறார்கள். "எந்த நாடகத் தொகுப்புகளை வாங்கலாம் சேர்? நடிப்புப் பயிற்சிக்கென்று தனிநடிப்புப் பகுதிகளை மட்டும் சேர்த்த புத்தகம் தமிழில் இருக்கிறதா?"

தங்கச்சி, இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். ஆங்கிலத்தில் நடிகர் தெரிவுக்குப் போகிறவர்களுக்கென்றே தனிமொழிகளைப் பிடுங்கி அடுக்கிய புத்தகங்கள் ஏராளம். பெண்ணுக்கு இத்தனை, ஆணுக்கு இத்தனை, இரண்டு நிமிடத்துக்குள் முடிவது இத்தனை என்று பிரித்தே வைத்திருப்பார்கள். தமிழில் அப்படியொன்றைத் தேடி பஸ் காசைச் செலவழிக்க வேண்டாம். அது நீங்களே உங்கள் கையால் எழுதிச் சேர்க்க வேண்டிய புத்தகம். அதைச் செய்யும் வழி நமது ஊரில் ஏற்கெனவே இருக்கிறது, அதற்குச் சட்டம் என்று பேர்.

கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஆளுக்கு ஆள் வேடம் பிரித்த பிறகு முழு ஏட்டையும் தூக்கிக் கொடுப்பதில்லை. அவரவர் பாடவேண்டிய தரு, விருத்தம், பேசவேண்டிய வசனம் இவற்றை மட்டும் தனியே எழுதிக் கொடுப்பார். சட்டம் கொடுத்தல் என்பது அதுதான். பார்க்கப்போனால் அதுவும் பிடுங்கியெடுத்த பகுதிதான். ஆனால் சட்டம் வாங்கிய அருச்சுனனுக்கு மிச்சக் கதை தெரியும். பால்குடி வயதிலிருந்து வட்டக்களரியை, அதாவது கூத்தாடும் வட்ட மேடையைச் சுற்றி விடிய விடியக் குந்தியிருந்து பார்த்த கதை அது. தன் வரவுக்கு முன்னால் யார் ஆடிவிட்டுப் போனார், தனக்குப் பிறகு யார் வரப்போகிறார் என்பதெல்லாம் அவன் காலுக்கே தெரியும். பிடுங்கி அடுக்கிய தொகுப்பில் இல்லாமற்போவது அந்த மிச்சக் கதைதான்.

உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிப்பித்த காலத்தில் ஒரு பெடியன் கர்ணன் பேசும் பகுதியொன்றை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தான். குரல் கணீரென்று இருந்தது, கண்ணில் தண்ணீர்கூட வந்தது. முடித்ததும் "இதை ஆரிட்டச் சொல்றாய்?" என்று கேட்டேன். "சபையிட்ட, சேர்" என்றான். அந்தப் பேச்சு குந்தியிடம் பேசுவது. எதிரில் நிற்பவள் தாய் என்று தெரியாமலே அவ்வளவும் அழுதிருக்கிறான்! பிழை அவனுடையதல்ல, அந்த ஒரு தாளை மட்டும் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்த ஆசிரியருடையது. அந்த ஆசிரியர் நான்தான்.

ஆகவே முழு நாடகங்களையே வாங்குங்கள். வாங்கியதை ஏழு பேரும் வட்டமாக இருந்து சத்தமாக வாசியுங்கள். வாசிக்கும்போது ஒருவருக்கு ஒரு பகுதி பிடித்துப்போனால் அதை ஒரு சீ. ஆர். கொப்பியில் கையால் எழுதட்டும். மேலே நாலு வரி குறிப்பு இருக்கவேண்டும். இதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, எதிரில் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவரிடமிருந்து இவளுக்கு என்ன வேண்டும், எந்த இடத்தில் பேச்சு நின்று மூச்சு மட்டும் இருக்கிறது. ஒரு வருடத்தில் அந்தக் கொப்பியில் நாற்பது பகுதியாவது சேரும். நீங்கள் கேட்ட தனிநடிப்புத் தொகுப்பு அதுதான்.

இனி எப்படித் தெரிவு செய்வது என்பது. புத்தகக்கடையில் நாடகப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முன்னுரையைப் படிக்க வேண்டாம். பாத்திரப் பட்டியலைப் பாருங்கள். உங்கள் குழுவுக்கு இது வயிற்றுப்பாட்டுக் கணக்கு. தமிழ் நாடகத் தொகுப்புகளில் பெரும்பாலானவை ஆண்களை வைத்தே எழுதப்பட்டவை. பத்துப் பாத்திரம் இருந்தால் எட்டு ஆண், ஒரு தாய், ஒரு காதலி. அந்தத் தாய்க்கும் அழுவதைத் தவிர வேலை இராது. ஐந்து பெண்கள் உள்ள குழு அதை வாங்கிவந்து மூன்று பேருக்கு மீசை ஒட்டவேண்டி வரும். சில நாடகத்துக்கு அதுவே அழகு (கூத்தில் காலங்காலமாக ஆண்கள் பெண்வேடம் கட்டியிருக்கிறார்கள், நாம் திருப்பிச் செய்தால் என்ன?), ஆனால் வேறு வழியில்லாமல் செய்வதாக இருக்கக்கூடாது.

பட்டியலுக்கு அடுத்தபடி, எப்போது எங்கே மேடையேறியது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நமது நாட்டு நாடக நூல்களில் முதற் பக்கங்களிலேயே அது இருக்கும். நெறியாளர் யார், யார் யார் நடித்தார்கள் என்று. மேடையேறிய எழுத்துருவை நடிகர்களின் வாய் திருத்தியிருக்கும். மூச்சுக்கு அடங்காத வசனம் ஒத்திகையிலேயே உதிர்ந்துபோயிருக்கும். அச்சில் மட்டும் இருந்த நாடகத்தில் அந்த வேலையை நீங்கள் செய்யவேண்டி வரும்.

மூன்றாவது, நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து இரண்டு பேராக அங்கேயே வாசியுங்கள். கடைக்காரர் பார்ப்பார், பார்க்கட்டும். பழைய தொகுப்புகள் பலவற்றில் வானொலிக்கு எழுதியவை மேடை நாடகம் என்ற பேரில் கலந்திருக்கும். கண்டுபிடிப்பது சுகம். "என்ன, கதவைத் திறந்துகொண்டு வேகமாக வருகிறாயே, கையில் என்ன, கத்தியா?" என்று ஒரு பாத்திரம் கேட்டால் அது வானொலிக்கு எழுதியது. பார்க்கிறவனுக்குக் கத்தி தெரியும், வாயால் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்டவற்றைக் குரற் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், மேடைக்கு வேண்டாம். பாடசாலைப் போட்டிக்கென்று எழுதிய நாடகங்களும் நிறையத் தொகுப்பாக வருகின்றன. நேரக்கட்டுப்பாட்டுக்குள் அவசரமாக முடிந்து, கடைசியில் எல்லாரும் வரிசையாக நின்று புத்தி சொல்வார்கள். நானும் அப்படி நாலைந்து எழுதியிருக்கிறேன். வாங்காதீர்கள்.

சரி, எவற்றை வாங்குவது?

முதலில் மஹாகவி. அந்தப் பேரில் எழுதிய கவிஞர் து. உருத்திரமூர்த்தி அளவெட்டிக்காரர், 1971இல் காலமானார். அவருடைய எழுத்துகளைத் தேடிப் பதிப்பித்ததில் பெரும்பங்கு கல்முனை எம். ஏ. நுஃமானுடையது. மூன்று பா நாடகங்கள் ஒரே புத்தகமாகவே வந்திருக்கின்றன. அதில் உள்ள 'புதியதொரு வீடு' கடற்கரை மீனவக் குடும்பத்துக் கதை. கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, செத்துவிட்டான் என்று எல்லாரும் முடிவுகட்டுகிறார்கள். அவன் மனைவி அவனுடைய தம்பியோடு வாழத் தொடங்கிவிட்ட பிறகு அவன் வந்து நிற்கிறான். 'சிறு நண்டு' பாட்டைப் பள்ளிக்கூடத்தில் பாடாத ஆள் இல்லை, அது இந்த நாடகத்தில் வருவது என்று தெரிந்த ஆள் குறைவு. பா நாடகம் என்று பயப்பட வேண்டாம். பேச்சோசையை யாப்புக்குள் வைத்தவர் அவர். ஓசையை நம்பி வாசித்தால் மூச்சு தானாக விழும். அந்தப் பெண்ணின் பேச்சுகளை உங்கள் ஐந்து பேரும் ஆளுக்கொரு முறை செய்து பாருங்கள். ஐந்து பெண்கள் வருவார்கள்.

அடுத்தது 2025 ஜனவரியில் காலமான குழந்தை ம. சண்முகலிங்கம். 1985இல் மேடையேறிய 'மண் சுமந்த மேனியர்' பலருக்குத் தெரியும். உங்களுக்கு அதில் முக்கியமானது அதன் வடிவம். உரைஞர் கூட்டம் கதையைக் கொண்டுபோகும், பாத்திரங்கள் அதற்குள்ளிருந்து எழுந்து வந்து திரும்ப அதற்குள் கரையும். இப்படிப்பட்ட எழுத்துருவில் ஆள் எண்ணிக்கை கல்லில் வெட்டியதல்ல. இருபது பேர் செய்ததை ஏழு பேரும் செய்யலாம், ஆணுக்கு எழுதிய வரியைப் பெண் சொன்னாலும் குடை சாயாது. அவரது 'எந்தையும் தாயும்' பிள்ளைகள் வெளிநாடு போய்விட, இங்கே தனித்துப்போன முதியவர்களைப் பற்றியது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்கு எழுதியதுதான், ஆனால் இன்றைக்குக் களுதாவளையில் எத்தனை வீட்டில் அப்படித் தாய் தகப்பன் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. யாழ்ப்பாணப் பேச்சில் எழுதியதை மட்டக்களப்பு வாய் அப்படியே பேசினால் ஒட்டாது. சென்னைத் தமிழில் எழுதியது அதைவிட மோசம். பல வருடத்துக்கு முன் தமிழ்நாட்டு நாடகமொன்றை ஒரு எழுத்தும் மாற்றாமல் படுவான்கரைக் கிராமமொன்றில் போட்டேன். முடிந்ததும் ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்து, "நல்லாத்தான் நடிச்சதுகள் மகன், இந்தப் புள்ளையள் எந்த ஊர்?" என்றார். எல்லாம் அதே ஊர்ப் பிள்ளைகள். அன்றிலிருந்து முதல் வாசிப்பிலேயே பேச்சை மாற்றிவிடுவேன். 'மறுகா'வும் 'என்னகா'வும் வலிந்து தூவுவதைச் சொல்லவில்லை. அந்த நடிகர் வீட்டில் கோபம் வந்தால் எப்படிப் பேசுவாரோ அந்த வாயில் வசனத்தைப் போட்டுப் பார்ப்பது. கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள் யாராவது குழுவில் சேர்ந்தால் அவர்கள் பேச்சு அவர்கள் பேச்சாகவே மேடையில் இருக்கட்டும். எழுத்தாளர் உயிரோடு இருந்தால் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

தமிழ்நாட்டு நூல்களில் எனக்கு இரண்டு போதும். இந்திரா பார்த்தசாரதியின் நாடகங்களில் 'மழை' மிகச் சில பாத்திரங்களோடு ஒரு வீட்டுக்குள் நடப்பது. தகப்பனைப் பார்த்துக்கொண்டே வயது போய்விட்ட மகள்தான் அதன் மையம், அந்தப் பெண்ணுக்கு அழுகை தவிர எல்லாம் இருக்கிறது. கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவை 1977இல் தொடங்கிய ந. முத்துசாமியின் தொகுப்பை மேடையேற்றத்துக்கு என்று வாங்காமல் பயிற்சிக்கு என்று வாங்குங்கள். கதையைப் பிடித்துக்கொண்டு தப்ப முடியாது, சொல்லின் ஓசையையும் உடம்பையும் மட்டும் நம்ப வேண்டும். முதல் நாள் எல்லாரும் சிரிப்பார்கள், நாலாம் நாள் சண்டை பிடிப்பார்கள்.

பேராசிரியர் சி. மௌனகுருவை நம்மூரில் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 'சங்காரம்' நமது கூத்தின் வடமோடி ஆட்டம் தெரிந்த கால்களுக்கு எழுதியது. உங்களில் எத்தனை பேருக்குத் தாளக்கட்டு தெரியும் என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாதென்றால் புத்தகத்தை வாங்குமுன் ஒரு அண்ணாவியாரைப் பிடியுங்கள். பிள்ளைகளுக்குப் போட அவருடைய 'தப்பி வந்த தாடி ஆடு' இருக்கிறது. எண்பது கதிரை மண்டபத்தை நிரப்பப் பிள்ளைகள் நாடகத்தை மிஞ்சியது எதுவுமில்லை, ஒரு பிள்ளைக்குப் பின்னால் நாலு பேர் வருவார்கள்.

இனி நான் உங்களுக்காக உண்மையில் சொல்ல நினைத்தது. ஐந்து பெண், இரண்டு ஆண் என்று படித்தவுடனே நினைவில் வந்தது தமிழ்ப் புத்தகமே அல்ல, அயர்லாந்துக்காரர் ஜே. எம். சிங் எழுதி 1904இல் மேடையேறிய ஓரங்க நாடகம். ஆங்கிலத்தில் 'Riders to the Sea', கடலுக்குச் சவாரி போனவர்கள் என்று தலைப்பைச் சொல்லலாம். அயர்லாந்துக்கு மேற்கே அறன் தீவுகளில் ஒரு வீடு. கிழவி மோர்யா, இரண்டு பெண்பிள்ளைகள், மிச்சமிருக்கும் கடைசி ஆண்பிள்ளை. மற்ற ஆண்கள் எல்லாரையும் கடல் எடுத்துவிட்டது. கடைசியாகக் காணாமற்போன மகனுடையதோ என்று சந்தேகப்படும் உடுப்புப் பொட்டலம் ஒன்று வந்திருக்கிறது, தாய்க்குத் தெரியாமல் சகோதரிகள் அதை அவிழ்க்கிறார்கள். காலுறையின் பின்னலில் விட்டுப்போன இழையை எண்ணித்தான் அது அவனுடையது என்று உறுதிப்படுத்துகிறார்கள், பின்னியவள் அந்தச் சகோதரிகளில் ஒருத்தி. கடைசி மகனும் குதிரை விற்கப் புறப்படுகிறான். தாய் கோபத்தில் அவனை வாழ்த்தி அனுப்பவில்லை. பிறகு என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். சவப்பெட்டிக்கு நல்ல பலகை வாங்கி வைத்திருக்கிறார்கள், ஆணி வாங்க மறந்துவிட்டார்கள். இத்தனை சாவு கண்ட கிழவி ஆணியை எப்படி மறந்தாள் என்று வந்திருக்கும் ஆண்களில் ஒருவன் வியப்பான். அந்த ஆணிக்காகவே இந்த நாடகத்தைப் படிப்பிப்பேன்.

பேசும் முக்கிய பாத்திரங்கள் மூன்று பெண், ஒரு ஆண். கடைசியில் அயற்பெண்கள் உள்ளே வந்து முழந்தாளிட்டு ஆடி ஆடி மெதுவாகப் புலம்புவார்கள். உங்கள் மற்ற இரண்டு பெண்களும் அங்கே. அயர்லாந்தின் அந்தப் புலம்பலும் நமது ஒப்பாரியும் ஒன்றுக்கொன்று முகம் பார்க்கும். கடைசியில் மோர்யா பேசுவது போல வயதான பெண்ணுக்கு எழுதிய தனிமொழி குறைவு. இனிக் கடலால் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை என்று நிமிர்கிற இடம். சத்தம் போட்டால் கெட்டது, அவள் களைத்துப்போய்ச் சொல்வது அது.

இதை நமது கரைக்குக் கொண்டுவரும்போது எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். அறன் தீவைக் கல்லாறு ஆக்கலாம், குதிரையை மோட்டார்சைக்கிள் ஆக்கலாம் என்பார்கள். வேண்டாம். செத்த மகன் சாம்பல் நிறக் குட்டிக்குதிரையில் பின்னால் வருவதைத் தாய் காண்கிறாள், மோட்டார்சைக்கிளில் ஆவி வந்தால் எண்பது கதிரையும் சிரிக்கும். இடத்தை அங்கேயே விடுங்கள், வாயை மட்டும் மாற்றுங்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையில் இதைப் போடுவது சின்ன விடயமுமல்ல. உங்கள் மண்டபத்தில் இருக்கும் எண்பது பேரில் கடலுக்கு ஆள் கொடுத்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். நாடகம் எதைப் பற்றியது என்று அழைப்பிலேயே எழுதுங்கள், டிசம்பரில் போடாதீர்கள், முடிந்தவுடனே வெளிச்சத்தைப் போட்டு நன்றியுரை வாசிக்காதீர்கள்.

பயிற்சிக்கு மட்டும் இன்னும் இரண்டு. ஸ்ட்ரிண்ட்பெர்க் எழுதி 1889இல் மேடையேறிய 'The Stronger' என்ற குட்டி நாடகத்தில் இரண்டு பெண்கள் கோப்பிக்கடையில் சந்திக்கிறார்கள். ஒருத்தி முழுக்கப் பேசுகிறாள், மற்றவள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. பேசாதவளின் வேலைதான் கடினம். மாறி மாறிச் செய்யுங்கள். ஆண்கள் இருவருக்கும் செக்கோவின் புகையிலைத் தீமை பற்றிய சொற்பொழிவு. மனைவி சொல்லி மேடையேறிய ஒரு அப்பாவி, புகையிலையை விட்டுவிட்டுத் தன் வாழ்க்கையைப் புலம்பி முடிப்பான். பத்து நிமிடம், ஒரு மேசை, ஒரு கிளாஸ் தண்ணீர்.

உரிமை விடயம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 வருடம் வரை உரிமை இருக்கிறது. மேடையேற்றுவதும் அதற்குள் அடக்கம். செக்கோவ் 1904, சிங் 1909, ஸ்ட்ரிண்ட்பெர்க் 1912 இல் இறந்தவர்கள், தடையில்லை. ஆனால் வேறொருவர் செய்த தமிழாக்கத்துக்குத் தனி உரிமை உண்டு, அதைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. சிங் ஆங்கிலத்தில் எழுதியவர், ஆகவே நீங்களே நேரே தமிழாக்கலாம். மஹாகவிக்கு 2041 முடியும்வரை குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும். கேட்டால் நம்மவர்கள் பெரும்பாலும் சந்தோசமாகவே தருவார்கள். கேட்காமல் போட்டு, பிறகு ஒருவர் படம் அனுப்பித் தெரிந்துகொண்டால்தான் மனம் நோகும். முன்வரிசையில் ஒரு கதிரை ஒதுக்கி அழைப்பும் அனுப்புங்கள்.

காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாதவையும் இருக்கின்றன. நூலகம் எண்ணிம நூலகத்தில் பதிப்பு நின்றுபோன நமது நாடக நூல்கள் நிறைய வாசிக்கக் கிடக்கின்றன. வாசிப்பது வேறு, மேடையேற்ற உரிமை வேறு என்பதை மறக்காதீர்கள். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்து நாடகப் பிள்ளைகளோடு பழகினால் ஒருபோதும் அச்சேறாத எழுத்துருக்கள் கைக்கு வரும். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளே 1926இல் 'மதங்க சூளாமணி'யில் ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களை எடுத்துத் தமிழில் காட்டியிருக்கிறார். அந்த நடை இன்றைய நடிகர் வாயில் நிற்காது. ஒரு பெரிய நாடகத்தில் எந்தக் காட்சியைப் பிடுங்கினால் முழுக்கதையும் பின்னால் வரும் என்று அவர் தெரிந்தெடுத்த கண்ணுக்காகப் படியுங்கள். சட்டக்கொப்பி எழுதப்போகும் உங்களுக்கு அது வேண்டும்.

பெண்களுக்கான தனிமொழி தேடி ஊர் ஊராக அலையும் முன் வைகாசியில் உங்கள் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போய் வழக்குரை படிப்பதைக் கேளுங்கள். வி. சீ. கந்தையா 'கண்ணகி வழக்குரை'யை 1968இல் பதிப்பித்திருக்கிறார். நாடகமல்ல, கோயிலில் படிக்கும் காவியம். ஆனால் பாண்டியன் முன் ஒரு பெண் கையில் சிலம்போடு வந்து நின்று கேட்கிறாள். எதிரில் யார், சற்றுமுன் என்ன நடந்தது, என்ன வேண்டும் எல்லாமே தெளிவு. களரியில் ஆடும் முன் கோயில்காரரிடம் ஒரு சொல் சொல்லுங்கள், சிலருக்கு அது மேடைப் பொருளல்ல.

15,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது? இந்தியப் புத்தகம் இங்கே வந்து சேரும்போது விலை ஏறிவிடும். ஆகவே அங்கிருந்து அந்த இரண்டு மட்டும். மஹாகவி, சண்முகலிங்கம், மௌனகுரு மூவரையும் முதலில் வாங்குங்கள். மிச்சத்தில் ஏழு சீ. ஆர். கொப்பியும் ஒரு பெட்டி பேனையும். மீதி இருந்தால் தேத்தண்ணிக்கு.

சிங்கின் நாடகத்தை நான் எப்போதோ பாதி தமிழாக்கி வைத்த தாள்கள் வீட்டில் கிடக்கின்றன, கிழவியின் கடைசிப் பேச்சை மட்டும் எழுதவில்லை. ஒரு சனிக்கிழமை வந்தால் தருகிறேன். வரும்போது உங்கள் குழுவில் யாருக்காவது ஒப்பாரி சொல்லத் தெரிந்த அம்மம்மா இருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள், அந்தப் பக்கத்தை அவர் வாயிலிருந்துதான் எழுதவேண்டும்.